மடியும் பொச்சாப்பும்: தஞ்சோங் பகார் துறை கண்ட இரு குற்றங்கள்

திருக்குறளில் பொச்சாவாமை 54ஆம் அதிகாரம். மடியின்மை 61ஆம் அதிகாரம். பள்ளிகளில் இவ்விரண்டும் மாணவர்க்கு உரிய அறிவுரைகளாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. வைகறையில் எழ வேண்டும், பாடத்தைத் தள்ளிப் போடலாகாது என்ற அளவில் விளக்கம் முடிந்துவிடுகிறது. ஆனால் வள்ளுவர் இவற்றை வைத்த இடம் எது? பொருட்பாலில், அரசியல் என்னும் பகுதியில். அதாவது, உழுபவனையும் சுமப்பவனையும் பார்த்துச் சொன்ன சொற்கள் அல்ல இவை. நாட்டை ஆள்பவனைப் பார்த்துச் சொன்னவை. மடி என்பது செய்ய வேண்டியதைச் செய்யாது சோம்பிக் கிடத்தல். பொச்சாப்பு அதனினும் நுட்பமானது. செல்வமும் வலிமையும் தனக்கு நிறைந்திருக்கின்றன என்ற மகிழ்ச்சியில் தன்னைக் காத்துக்கொள்ளவும் மறந்துவிடும் சோர்வு அது. சோம்பல் வேறு, நிறைவுற்ற மயக்கம் வேறு என்று பிரித்துக் காட்ட இரு தனிச் சொற்கள் தமிழில் இருப்பது சிறிய செய்தியன்று.

இந்த இரு சொற்களையும் உரைகல்லாகக் கொண்டு பார்க்கத்தக்க ஓர் இடம் சிங்கப்பூரில் உண்டு. அதுவே தஞ்சோங் பகார்.

மலாய் மொழியில் தஞ்சோங் என்பது நிலமுனை. பகார் என்பது வேலி. கடலோரத்தை வாள்மீன்கள் தாக்கிய காலத்தில், மக்களை வரிசையாக நிற்க வைத்து அவர்தம் கால்களையே வேலியாக்கினானாம் ஓர் அரசன். மக்கள் மாண்டனர். வாழைத்தண்டுகளை நட்டால் மீன்களின் அலகு அவற்றில் சிக்கிக்கொள்ளுமே என்று ஒரு சிறுவன் சொன்னான், ஊர் பிழைத்தது. சிறுவனின் அறிவைக் கண்டு அஞ்சிய அரசன் அவனையே கொன்றுவிட்டான். செஜாரா மெலாயு என்னும் பழைய மலாய் வரலாற்று நூலில் உள்ள இக்கதையை மக்கள் வழக்கு இவ்வூர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லும். கதை கதையாகவே இருக்கட்டும். ஆள்பவனின் அறியாமைக்கு ஆளப்படுபவனின் கால் விலையாவது இந்தக் கரைக்குப் பிற்காலத்திலும் புதிதாக இருக்கவில்லை.

தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி 1864இல் தோன்றியது. விக்டோரியா துறை 1868இலும் ஆல்பர்ட் துறை 1879இலும் திறக்கப்பட்டன. தொடக்கத்தில் வருவாய் மெலிந்தே இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நிலைமை மாறிற்று. நீராவிக் கப்பல்கள் பெருகின. அவற்றுக்கு நிலக்கரியும் வேண்டும், சரக்கு இறக்க ஆழமான துறையும் வேண்டும். சிங்கப்பூர் ஆற்று முகத்தில் தொங்கான்களை நம்பியிருந்த வாணிகம் மெல்ல மெல்லத் தஞ்சோங் பகாரை நோக்கி நகர்ந்தது. சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் அங்கே மூட்டை சுமந்தனர், நிலக்கரி ஏற்றினர், கப்பலைப் பழுது பார்த்தனர். துறையிலிருந்து நகருக்குச் சரக்கு சென்றது மாட்டுவண்டிகளில். தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு அத்தொழிலில் பெரும் பங்கு இருந்தது.

அந்த நாளைய வெள்ளையர் எழுதிய பயண நூல்களையும் அலுவல் குறிப்புகளையும் புரட்டினால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: சோம்பல். மலாய்க்காரன் சோம்பேறி என்பது ஏறக்குறைய எல்லாரும் சொன்ன தீர்ப்பு. தமிழனுக்குக் கிடைத்த பட்டம் வேறு. அவன் அடங்கியவன், சொன்னதைச் செய்பவன், ஆனால் மேற்பார்வை இல்லாவிட்டால் கை ஓயும் என்றனர். சீனன் உழைப்பாளி; ஆயினும் அடக்குவது கடினம் என்றனர். இப்படி ஓர் இனத்துக்கு ஒரு குணம் என்று பங்கிட்டு வைத்தது முதலாளிகளுக்கு வசதியாகவே இருந்தது. அடங்கியவனுக்குக் குறைந்த கூலி போதும் அல்லவா?

இத்தீர்ப்பை வரலாற்று முறையில் ஆராய்ந்து உடைத்தவர் சையது உசேன் அலாத்தாஸ். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வுத் துறைக்குப் பல்லாண்டு தலைவராக இருந்த இவர், சோம்பேறிக் குடிகள் என்ற கட்டுக்கதையைப் பற்றிய தமது நூலை 1977இல் வெளியிட்டார். அவர் காட்டியது எளிய உண்மை. மலாய் உழவன் தன் வயலிலும் மீனவன் தன் படகிலும் நன்றாகவே உழைத்தனர். தோட்டத்திலும் சுரங்கத்திலும் பிறர்க்குக் கூலியாக மட்டும் அவர்கள் வர மறுத்தனர். அந்த மறுப்புக்கு வெள்ளையர் வைத்த பெயரே சோம்பல். கடனும் ஒப்பந்தமும் வேறு வழியின்மையும் கட்டிப்போட்ட மக்களை அவர்கள் உழைப்பாளிகள் என்றனர். தமிழரை மலாயாவுக்குக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலிமுறை 1910இல்தான் ஒழிந்தது. கங்காணி முறை அதன்பின்னும் நீடித்தது.

அலாத்தாஸுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. பிலிப்பீன்ஸ் நாட்டின் ஹொசே ரிசால், 1890இல் மாட்ரிட் நகரில் வெளியான லா சொலிதாரிதாத் இதழில், பிலிப்பினோக்களின் சோம்பல் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். சோம்பலே இல்லை என்று அவர் சாதிக்கவில்லை. அது நோய்க்குக் காரணம் அன்று, நோயின் விளைவு என்றார். ஸ்பானியர் வருமுன் கடல் கடந்து வாணிகம் செய்தவர்கள் அம்மக்கள். கட்டாய வேலையும் கொள்ளையும், உழைத்ததன் பயன் தனக்கு இல்லை என்ற நிலையும் அவர்கள் ஊக்கத்தை உறிஞ்சிவிட்டன என்று காட்டினார். அந்நாடு கிறித்தவ நாடு. மேடையில் சுறுசுறுப்பைப் போதித்த துறவியரே பெருநிலங்களுக்கு உடையவராகவும் இருந்தனர். ரிசாலை 1896 டிசம்பர் 30இல் மணிலாவில் சுட்டுக் கொன்றனர்.

சிங்கப்பூரிலும் இதற்கு ஒரு சான்று கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. 1862இல் நேர்ந்தளிக்கப்பட்ட புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து தீவாந்தரம் அனுப்பப்பட்ட கைதிகள். முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த சென்னைச் சுண்ணாம்பை அதன் உட்சுவருக்குப் பூசியவர்களும் அவர்களே. உழைப்பின் சிறப்பைப் பற்றி அந்த ஆலயத்தில் எத்தனையோ பிரசங்கங்கள் நிகழ்ந்திருக்கும். சுவர்களை எழுப்பியவர்கள் கேட்க அங்கே அமரவில்லை.

இவ்வாறு பிறரைச் சுட்டும் விரலாக இருந்த இச்சொல், திருச்சபையின் பழைய வழக்கில் என்ன பொருளில் வழங்கியது என்பதை அறிந்தால் வியப்பே மிகும்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தனித்துத் தவம் செய்த துறவியருள் ஒருவர் எவாகிரியஸ். 399இல் மறைந்தவர். துறவியைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்த அவர், அவற்றுள் கொடியதாகச் சொன்னது அகீடியா என்னும் கிரேக்கச் சொல்லால் குறிக்கப்படுவது. அது நண்பகற் பேய். முற்பகல் பத்து மணியளவில் வந்து பிற்பகல் இரண்டு மணி வரை ஆளைச் சுற்றும். ஞாயிறு நகரவே இல்லை என்று தோன்றும். ஒரு பகல் ஐம்பது மணி நேரமாக நீளும். சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்கத் தூண்டும். யாராவது வருகின்றார்களா என்று வெளியே போய்ப் பார்க்கச் சொல்லும். இந்த இடம் பிடிக்கவில்லை, இந்தக் கைத்தொழில் பிடிக்கவில்லை, வேறிடம் போனால் எளிதாக வாழலாம் என்று ஓதும். நாற்பது ஆண்டுகள் ஒரே பாடத்தைக் கற்பித்த எந்த ஆசிரியரும் இப்பேயை அறிவார்.

நோக்கத்தக்கது ஒன்றுண்டு. எவாகிரியஸ் இதைச் சொன்னது வேலை செய்யாத யாரோ ஒருவனைப் பற்றி அன்று. நோன்பிருந்து, பாய் முடைந்து, இரவெல்லாம் விழித்துச் செபிக்கும் கடுந்துறவியைப் பற்றியே சொன்னார். உடல் ஓயாது உழைக்கும்போதும் உள்ளம் உறங்கிவிடலாம். அதுவே அவர் கண்ட நோய். அவர் வழி வந்த காசியன் என்பார் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனில் எழுதிய நூலில் ஒரு முனிவரின் கதை வருகிறது. பவுல் என்ற பெயருடைய அம்முனிவர் ஊருக்கு ஏழு நாள் வழித்தொலைவில் வாழ்ந்தார். தம் உணவுக்குப் பேரீச்சையும் சிறு தோட்டமும் அவருக்குப் போதும். முடைந்ததைச் சந்தைக்கு எடுத்துச் சென்றால் வண்டிக் கூலிக்கும் காணாது. ஆயினும் ஓலையைச் சேர்த்து நாள்தோறும் தமக்கு விதித்துக்கொண்ட அளவு வேலையைச் செய்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்ததும் அவ்வளவையும் தீயிட்டுக் கொளுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். இக்கதையைப் படிக்கும் பொருளியலார் தலையில் அடித்துக்கொள்வர். ஆனால் உழைப்பு விற்பனைக்கு மட்டும் உரியது அன்று என்ற எண்ணம் ஒரு காலத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

போப்பாண்டவர் முதலாம் கிரகோரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் குற்றங்களை ஏழாகத் தொகுத்தபோது அகீடியா துயரம் என்ற தலைப்பில் கலந்துபோயிற்று. பின்வந்த நூற்றாண்டுகளில் அந்த இடத்தைச் சோம்பல் பிடித்துக்கொண்டது. உள்ளத்தின் உறக்கம் உடலின் ஓய்வாகச் சுருங்கியது. சீர்திருத்தச் சபையார் காலத்தில் நேரத்தை வீணாக்குதல் பெரும்பாவம் ஆயிற்று; ரிச்சர்டு பாக்ஸ்டர் போன்ற குருமார் இதை மிகவும் வலியுறுத்தினர் என்பதை ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளில் எடுத்துக்காட்டினார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், உழைக்க விரும்பாதவனுக்கு உணவு உரியதன்று என்னும் பொருள்படப் பவுலடியார் எழுதியது இக்காலத்தில் எங்கும் எடுத்தாளப்பட்டது. அவர் அதைத் தம் கைகளால் கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே, தம் சொந்தச் சபையாருக்கு எழுதினார் என்பதைச் சொன்னவர் குறைவு. கூலிக்காரனைப் பார்த்து முதலாளி சொல்லும்போது அதே வாக்கியம் வேறு வாக்கியம் ஆகிவிடுகிறது.

விவிலியத்தின் கடைசி நூல் சோம்பலைவிடப் பொச்சாப்பையே கடுமையாகச் சாடுகிறது. இன்றைய துருக்கியில் இருந்த லவோதிக்கேயா நகரத்துச் சபை அதற்கு இலக்கானது. அது செல்வம் கொழித்த ஊர். கி.பி. 60இல் நிலநடுக்கத்தால் இடிந்தபோது ரோமப் பேரரசின் உதவியைப் பெறாமலே தன் பொருளால் தன்னைக் கட்டிக்கொண்டது என்று தாசிட்டஸ் என்னும் ரோம வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். எனக்கு ஒரு குறையும் இல்லை என்ற அதன் மனநிலையையே வெளிப்படுத்தின விசேஷம் வெதுவெதுப்பு என்று இகழ்கிறது. உழைக்காத ஊர் அன்று அது. உழைத்து நிறைந்து மயங்கிய ஊர்.

இந்த வேறுபாட்டைக் கதையாக்கியவர் ஜான் பனியன். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்பதற்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டு சிறையில் கிடந்தவர். 1678இல் வெளியான அவரது மோட்சப் பயண நூலில், வழியோரம் காலில் விலங்கோடு மூவர் உறங்குகின்றனர்: பேதை, சோம்பன், துணிகரன். எழுப்பினால் ஒருவனுக்கு ஆபத்து எதுவும் தெரியவில்லை. ஒருவனுக்கு இன்னும் சற்றே தூக்கம் வேண்டும். ஒருவனுக்குப் பிறர் துணையே தேவையில்லை. அதைவிடச் சிறந்த பகுதி அடுத்து வருகிறது. அவர்களை எழுப்ப முயன்ற பயணியே, செங்குத்தான மலையில் பாதி ஏறிய பின், களைப்பாற அமைந்த கொடிப்பந்தலில் கண்ணயர்ந்து, தன் கையிலிருந்த ஓலைச்சுருளை நழுவ விடுகிறான். எத்தனை தொலைவு ஏறியிருந்தாலும், திரும்பி இறங்கித் தேட வேண்டியதாயிற்று.

இக்கதை தமிழில் காவியமானது பாளையங்கோட்டையில். கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர், 1858இல் கிறித்தவரானார். கம்பனில் தோய்ந்த அவர் பனியனின் உரைநடைக் கதையை ஐந்து பருவங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களாக விரித்தார். நற்போதகம் என்னும் இதழில் பல்லாண்டுகள் பகுதி பகுதியாக வந்து, 1894இல் இரட்சணிய யாத்திரிகம் நூல்வடிவம் பெற்றது. பள்ளிப் பணிக்கு நடுவே, அவசரமின்றி, விடாமல் எழுதப்பட்ட நூல் அது. தமிழாசிரியர் ஒருவரின் ஊக்கமுடைமைக்கு வேறு உரை எதற்கு? சுற்றிலும் அந்நாட்டுப் பனையேறிகள் பருவத்தில் நாளுக்கு முப்பது நாற்பது மரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தனர். பருவம் ஓய்ந்த மாதங்களில் அவர்களைத் திண்ணையில் கண்ட வெளிநாட்டான் என்ன பெயர் சூட்டியிருப்பான் என்று ஊகிக்க அதிகக் கற்பனை வேண்டா.

அந்தத் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்க் கிறித்தவர்கள் சிங்கப்பூருக்கு வந்தனர். தமிழ்க் கத்தோலிக்கருக்காக ஓபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் 1888இல் எழுந்தது. ஷார்ட் தெருவில் மெதடிஸ்டுச் சபையினரும் டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கச் சபையினரும் தமிழில் வழிபட்டனர். துறையில் சுமப்பவனுக்கும் அலுவலகக் கிராணிக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரே வேதமே வாசிக்கப்பட்டது.

இனி, தஞ்சோங் பகார் கம்பெனியின் கதைக்குத் திரும்பலாம். பொச்சாப்பு அங்கேதான் குடியிருந்தது.

1881இல் அருகிலிருந்த போட்டிக் கம்பெனியாகிய புதுத்துறைக் கம்பெனியுடன் உடன்பாடு செய்துகொண்டு, 1899இல் அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. போட்டி ஒழிந்தது. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே செல்லும் கப்பல்கள் வேறெங்கே போகும்? பங்குதாரருக்கு ஆதாயம் குறைவின்றிக் கிடைத்தது. ஆனால் துறைமேடைகள் பழைய மரமேடைகளாகவே இருந்தன. இடம் கிடைக்காமல் கப்பல்கள் காத்துக் கிடந்தன. பெருகிய சரக்குக்கு மாட்டுவண்டி ஈடுகொடுக்கவில்லை. துறைக்கு இருப்புப்பாதை இல்லை. சிங்கப்பூரில் இருந்த இயக்குநர்கள் 1904இல் பெரும் பொருட்செலவில் துறையைப் புதுப்பிக்கத் திட்டம் தீட்டினர். லண்டனில் இருந்த ஆலோசனைக் குழுவோ தயங்கியது. வருவாய் வந்துகொண்டிருக்கும்போது செலவு எதற்கு என்பதே அத்தயக்கத்தின் சாரம். லவோதிக்கேயாவின் குரலும் இதுதான்.

ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சன் காலத்தில், 1905இல், அரசு சட்டம் இயற்றிக் கம்பெனியையே எடுத்துக்கொண்டது. பேரரசின் கடற்படைக்கு இத்துறை வேண்டியிருந்ததும் இதற்கு ஒரு காரணம். அரசின் நோக்கம் முழுவதும் தூயது என்று கொள்ள வேண்டியதில்லை. விலை பற்றிப் பெரும் வழக்கு மூண்டது. நடுவர் தீர்ப்பு 1906இல் வந்தது. ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் வெள்ளி பங்குதாரருக்கு அளிக்கப்பட்டது. கடமையை மறந்தவர்க்குக் கிடைத்த தண்டனை இவ்வளவு இனிப்பாக இருந்தது. மூட்டை சுமந்தவன் பங்குதாரன் அல்லன். அந்தக் கணக்கில் அவனுக்கு இடமில்லை. சோம்பேறி என்ற சொல் இந்த வழக்கில் லண்டன் குழுவினரைக் குறித்து எழுந்ததாகவும் தெரியவில்லை.

அரசின் கைக்கு வந்த பின் துறை புத்துயிர் பெற்றது. 1913இல் சிங்கப்பூர்த் துறைமுக வாரியம் அமைந்தது. அவ்வாண்டே மன்னர் துறை திறக்கப்பட்டது. கூலிக்காரனின் வாழ்வில் மாற்றம் அவ்வளவு விரைவாக வரவில்லை. போர் முடிந்த 1945 அக்டோபரில் துறைமுகத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டதோடு, ஜாவாவில் விடுதலைக்குப் போராடியவர்களை ஒடுக்கச் செல்லும் டச்சுக்காரருக்கு ஆயுதம் ஏற்றவும் மறுத்தனர். அடங்கியவர் என்று பெயர் எடுத்த தமிழரும் அவர்களுள் இருந்தனர்.

1964இல் துறைமுக வாரியத்தின் இடத்தில் சிங்கப்பூர்த் துறைமுக ஆணையம் வந்தது. இரண்டொரு ஆண்டுகளில் அது ஒரு துணிந்த முடிவு எடுத்தது. எந்தக் கப்பல் கம்பெனியும் வருவதாக வாக்களிக்காத நிலையில், உலக வங்கியில் கடன் பெற்று, தஞ்சோங் பகாரில் சரக்குப் பெட்டகங்களுக்கான தனித்துறையை அமைக்கத் தொடங்கியது. 1904இல் லண்டன் குழு செய்ததற்கு இது நேர்மாறு. 1972 ஜூன் 23இல் ராட்டர்டாமிலிருந்து 300 பெட்டகங்களுடன் நிஹோன் என்ற கப்பல் அங்கே வந்து நின்றது. பத்தாண்டுகளில் இத்துறை உலகின் பெருந்துறைகளோடு எண்ணப்பட்டது. அப்பெட்டகத்துறையும் 2017இல் காலியாகி, பணிகள் மேற்கே நகர்ந்தன; துவாஸ் துறைமுகம் 2022இல் முறையாகத் திறக்கப்பட்டது.

நிஹோன் வந்த நாளில் பாரந்தூக்கிகள் பெட்டகங்களைத் தூக்கி இறக்கின. முன்பு ஒரு கப்பலின் சரக்கை இறக்கப் பல குழுக்களாகப் பிரிந்து, நாட்கணக்கில் தோள் கொடுத்த மனிதர்களுக்கு அந்த வேலை படிப்படியாக இல்லாமற் போயிற்று. அவர்கள் சோம்பியதால் அது போகவில்லை.